ஆறு மாதம் என்று சொன்ன பக்கம்

எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் உட்கார்ந்து நான் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒரு மனிதருக்குப் பதிவேட்டில் கிடைக்கும் மூன்று காகிதங்களும் பிரான்சுக்குப் போவதற்கு முன்னால் என் மேசைக்கு வரும். தமிழில் இருப்பதைப் பிரெஞ்சில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இருபது வருடங்களுக்கு மேல் இதையே செய்துகொண்டிருப்பதால், அடுத்தவர் தப்பு செய்தால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பமே அலைய வேண்டியிருக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவேன். அப்படிப்பட்ட நான்தான் என் சொந்த வலைத்தளத்தில் ஒரு தப்பான வார்த்தையைக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் விட்டுவைத்தேன்.

அந்தத் தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் என் தங்கையின் கணவர். கணினி வேலையில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது, எனக்கு ஒரு சைட் இருந்தால் நாள் முழுக்கப் போனில் ஒரே பதிலைச் சொல்ல வேண்டாமே என்று அவர்தான் ஆரம்பித்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். திறந்தவுடன் நாதஸ்வரம் கேட்க வேண்டும், மேலே அம்மன் படம், கீழே வருக வருக என்று ஓடும் எழுத்து, நடுவில் நான் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய புகைப்படம் என்று பட்டியல் போட்டேன். அவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் மறுத்தார்.

"அக்கா, உங்ககிட்ட வர்றவங்க பஸ்ல நின்னுக்கிட்டு செல்லுல பாப்பாங்க. என்னா எடுத்துட்டு வரணும், எங்க வரணும், எப்ப வரணும். இது மூணும் மொதல்ல தெரியணும். பாட்டு கேக்கவா வர்றாங்க?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் சொன்னது சரி. என் புகைப்படத்தைப் போட்டுப் பார்த்தபோது பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆனது. அதைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்தார். தொடர்புகொள்ள ஒரு படிவம் வைத்துவிட்டு, அவரே நான்கு பேர் பெயரில் அதை நிரப்பி அனுப்பி, என் மின்னஞ்சலுக்கு வருகிறதா என்று பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை யாரோ வெளியாள் போல என் தளத்தை நானே போனில் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை.

தளத்தின் கணக்கை யார் மின்னஞ்சலில் பதிவது என்றும் அவர் கேட்டார். என் பேரில் போட்டு, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி என்னிடமே கொடுத்துவிடுகிறேன் என்றார். நீங்க வேற நான் வேறயா தம்பி, உங்க பேர்லயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டு மாப்பிள்ளை ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கும்போது, சாவியை என் கையில் கொடு என்று கேட்பது அவரை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீடுகளில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைத்து, அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

தளம் நன்றாக ஓடியது. என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதிய பக்கம், தேடினால் முதலில் வந்து நின்றது. பதிவு நகல் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு வரி. பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் அங்கே அதைப் படித்துவிட்டு, இங்கே இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போனில் சொல்வார்கள். அவர்களும் எல்லாவற்றையும் சரியாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு தங்கையும் அவரும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்பது அவர்கள் விஷயம், இங்கே எழுத மாட்டேன். அவர் பெங்களூர் போனார். தங்கை மகளோடு ஊருக்குள்ளேயே சாரம் பகுதியில் தனியாக வீடு எடுத்தாள். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசினாலும் அவள் வீட்டு வாசல்படியை மிதிக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. சரி, சத்தியம் என்றேன். மூன்று வருடம் அப்படியே போனது. தளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கும் ஒரு சாவி உண்டு, அது அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவருடைய ஒரே பெண்ணை ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். பெண் இப்போது பிரான்சில், முதல் பிரசவம், வைகாசி கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். அங்கே அவளுக்கு மாமியாரும் இல்லை. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் மார்க்கெட்டில் வேலை இருக்காது, அப்போது விசாவுக்குப் போய்வந்தால் பிரசவத்துக்கு முன்னால் அங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். தான்தான் தாய் என்று காட்டுவதற்குப் பெண்ணின் பிறப்புப் பதிவு நகலைப் புதிதாக எடுத்து வந்திருந்தார். நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஆறு மாதம் செல்லும், சித்திரைக்குத் தாராளம் என்று நானும் என் வாயால் சொன்னேன். அன்றைக்கு அது உண்மைதான்.

மாசி கடைசியில் விதி மாறியது. நகல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் வந்து சொன்னார். நான் நம்பாமல் சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம் என்றார்கள். உடனே வலைத்தளத்தில் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எதில் நுழைவது, எப்படி நுழைவது என்று ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆறு என்பதை எடுத்துவிட்டு மூன்று என்று போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நகரத்தில் சைட் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே போகும் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்றார்கள். வேண்டுமானால் புதிதாக ஒன்று கட்டித் தருகிறோம், ஆனால் பழையது தேடலில் முதலில் வந்துகொண்டுதான் இருக்கும் என்றார்கள். அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். கட்டியவரைக் கேளுங்கள் என்றார்கள்.

அன்றே பெங்களூருக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண் என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், தங்கை முகம் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே நாளைத் தள்ளினேன். அதற்குப் பதிலாகக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன், சிவப்பு மையில் மூன்று மாதம் என்று பெரிதாக எழுதி. வந்தவர்கள் அதைப் படிப்பார்கள். பிறகு போனை எடுத்து என் பக்கத்தை எனக்கே காட்டுவார்கள். இதில் ஆறு மாதம் என்றுதானே போட்டிருக்கிறது என்பார்கள். இப்போது மூன்று மாதம்தான் என்று நான் சொன்னால், இது யார் போட்டது என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எதிரே உட்கார்ந்து வாய் திறந்து சொல்கிற என்னைவிட நான் எப்போதோ எழுதிவைத்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள். எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதிலும் கதவில் ஒட்டிய தாள் கதவுக்கு வருகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே மொழிபெயர்ப்பை வாங்கிக்கொண்டு போனவர்கள் எதற்கு மறுபடி என் கதவுக்கு வருகிறார்கள்? அவர்களில் யாருடைய எண்ணையும் நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுப் பயந்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சித்திரை நடுவில் ஒரு மதியம் குருசுக்குப்பத்து அம்மா வந்தார். விடிவதற்கு முன் பஸ் ஏறி சென்னை போய்விட்டு, வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் அறைக்கு வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் எல்லாக் காகிதமும் நான் சொன்ன வரிசையில். நகல் எடுத்து மூன்று மாதமும் பதினோரு நாளும் ஆகிவிட்டது என்று வாங்காமல் திருப்பிவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

"நேத்திகூட எம்பொண்ணு உங்க இதுல பாத்துட்டுதாம்மா சொன்னா. எல்லாம் சரியா இருக்குது, தைரியமா போ மான்னு."

நான் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது என்று தெரியவில்லை. விதி மாறிவிட்டது என்றேன். எப்போது மாறியது என்று கேட்டார். ஒன்றரை மாதம் ஆகிறது என்றேன். அப்புறம் ஏன் அதில் மாற்றவில்லை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்னைப் போல் படித்தவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. என் காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பதிவு அலுவலகத்துக்கு நானே கூடப் போனேன். புது நகல் கிடைக்க ஒரு வாரம் ஆனது. கைக்கு வந்த அன்றே அவரை உட்கார வைத்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஆனால் விசாவுக்கு நேரம் ஒதுக்கும் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு இடமே இல்லை. தினமும் காலையில் காபி குடிக்காமல் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது ரத்து செய்திருக்க மாட்டார்களா என்று புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். ஒருநாள் ஒரு கட்டம் பச்சையாக இருந்தது. அந்த அம்மாவின் கடவுச்சீட்டு எண்ணை நான் அடித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. கடைசியில் வைகாசி நடுவில் ஒரு நாள் கிடைத்தது. அதற்குப் பிறகு விசா வர வேண்டும், பயணம் போக வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் தெய்வச் செயல் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

அந்த நாளைப் பதிந்த கையோடு பெங்களூருக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அக்கா, சொல்லுங்க என்றார், நேற்றுப் பேசிவிட்டு இன்று பேசுவதுபோல. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. சமீபத்தில் பழைய வேலையை விட்டதோடு அந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போய்விட்டன, புதிதாகக் கேட்டால் போனுக்கு ஓடிபி வரும், அந்த ஆறு எண்ணைப் போட்டால் உள்ளே போய்விடலாம் என்றார். ஆனால் அதில் ஒரு சிக்கல் என்றார்.

"அது அவ நம்பருக்குத்தான் வரும்க்கா. அப்ப என் நம்பர் மாறிக்கிட்டே இருந்துச்சு, அதான் அவளோடத குடுத்தேன்."

சாரத்துக்குப் போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. அவரோடு பேசினேன், உன் போனுக்கு ஒரு எண் வரும், அது எனக்கு வேண்டும் என்று நேராகச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஏதோ சைட்டைப் புதுப்பித்தாகிவிட்டது என்று தன் போனுக்குச் செய்தி வரும், அவர் தன்னை வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து அழித்துவிடுவேன் என்றாள். என் தளம் மூன்று வருடமாக உயிரோடு இருந்ததே அவர் மறக்காமல் புதுப்பித்ததால்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் முடியாது என்றாள். அவருக்காக ஒரு எண்ணையும் சொல்ல மாட்டேன் என்றாள். அவருக்காக இல்லை, எனக்காக என்றேன். உனக்கும் மாட்டேன், சத்தியம் பண்ணிவிட்டுப் போய் அவரோடு பேசினவள்தானே நீ என்றாள். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, முன்பே பேசி வைத்த நேரத்துக்கு அவர் அங்கிருந்து அனுப்ப, அவள் போனில் டிங் என்றது. அந்த எண் பத்து நிமிடம் உயிரோடு இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் பழைய கதையெல்லாம் இழுத்துச் சண்டை போட்டோம். எண் செத்துப்போனது.

பிறகு நான் குருசுக்குப்பத்து அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சுவதற்காகச் சொல்லவில்லை, சொல்ல வேறு ஆள் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காக அவர் பால்சுறாவை உப்புப் போட்டுக் காயவைத்து எடுத்து வைத்திருப்பதையும், பிரசவ லேகியம் கிளறி வைத்திருப்பதையும், கருவாட்டை விமானத்தில் விட மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராததையும் சொன்னேன். இன்னும் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறப்போகிறார்களோ என்றேன். தங்கை கடைசித் துணியை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"மறுபடி அனுப்பச் சொல்லு."

அவரைப் போனில் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன். டிங் என்றது. நான் கண்ணாடி எடுத்து வரவில்லை, எண் எனக்குத் தெரியவில்லை. தடுமாறுவதைப் பார்த்துவிட்டுத் தங்கை என் போனையும் பிடுங்கிக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு புருஷனோடு அவள் பேசிய முதல் பேச்சு ஆறு எண்கள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் போனை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று மோட்டாரை நிறுத்தப் போனாள். மோட்டார் ஓடவே இல்லை.

அவர் புதிதாகப் போட்ட கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன், திருத்த நான்கு நிமிடம் ஆனது. ஆறை அழித்து மூன்று என்று நானே அடித்தேன், அவர் போனில் வழி சொன்னார். பிறகு எல்லாவற்றையும் என் மின்னஞ்சலுக்கும் என் எண்ணுக்கும் மாற்ற வைத்தார். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, நோட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று இன்னொருவரிடம் சொல்லி வைக்கச் சொன்னார். பக்கத்தின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதி என்று ஒரு வரி சேர்த்தோம். இதையெல்லாம் பாயசம் ஊற்றிய அன்றே செய்திருக்கலாம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

வைகாசி நடுவில் அந்த அம்மா சென்னைக்குப் போனார். இந்த முறை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். விசாவுக்காகக் காத்திருந்தபோதே, சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னால், அங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. ஆண் குழந்தை. புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஆஸ்பத்திரியில் கொண்டு விட்டாளாம். வலியில் பெண் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று அழுததை இவர் குருசுக்குப்பத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

இதை அவர் சொன்னது ஆனி பிறந்து இரண்டாம் நாள். என் அறைக்கு வந்து போனில் பேரனைக் காட்டினார். சிவந்த முகம், தலை நிறைய முடி. நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்றேன். விசா வந்துவிட்டதாம், அடுத்த வாரம் கிளம்புகிறாராம். இனிமேல் போய் என்ன பத்தியம் வைப்பது, அந்த நாளெல்லாம் முடிந்துபோயிற்று, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அதற்கு முன் வாழ்க்கையில் யாரிடமும் அந்த வார்த்தையை அப்படி முழுசாகச் சொன்னதில்லை. அவர் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பேரனை இங்கே பதிவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். எல்லாம் தளத்தில் இருக்கிறது, பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"எம்பொண்ணு உங்கள ஒண்ணு கேக்கச் சொன்னா. கோச்சிக்காதீங்க. இப்ப அதுல போட்டிருக்கறத நம்பலாமாம்மா?"

மேசையில் கணினி திறந்தே இருந்தது. அவரை நிற்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு விசா அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டேன். அவர் அதுவரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னிக்கு சரியா இருக்கும்மா" என்றேன்.